காத்தலே திருப்பணி
(திருக்குட நன்னீராட்டு விழாப் பேரவையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துருவம்)

சிவமயம்



குடமுழுக்கு என்பது புதுக்குதல். பன்னீராண்டுக்கு ஒருமுறை இளங்கோயில் அமைத்து, மூலத்திருமேனியில் விளங்கும் அருளாற்றலைக் கும்பத்தில் எழுந்தருளச் செய்து, தேய்ந்தவற்றைத் திருத்தி, மீண்டும் நிலைபெறச் செய்வது சிவாகமங்கள் வகுத்த நெறியாகும். அதன் நடுவண் நிற்பது அட்டபந்தனம். கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்கல், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டினையும் பதமுறச் சேர்த்து இடித்த மருந்தினைத் திருவுருவுக்கும் பீடத்துக்கும் இடையேயுள்ள பொருத்துவாயில் சாத்துதலே அது. இடித்த கைகளின் நோவு இன்னும் ஆறாத அன்பர் சிலர் இவ்வவையிலேயே இருத்தல் கூடும்.

ஆனால் மருந்து சாத்துதற்கு இடமே இல்லாத திருமேனிகளும் இத்தமிழகத்தில் உள. பிள்ளையார்பட்டிக் குடைவரையில் எழுந்தருளியுள்ள சிவலிங்கத்தைக் கூர்ந்து நோக்கியவர் இதனை அறிவர். இலிங்கம் வேறு, பீடம் வேறு, தரை வேறு என்னும் பிரிவு அங்கே இல்லை. மலையைக் குடையும்போதே இலிங்கத்துக்குரிய பாறையை விட்டுவைத்துக் குடைந்துள்ளனர். வலஞ்சுழித்த துதிக்கையும் இரண்டே கரங்களும் உடைய கற்பக விநாயகர் திருவுருவும் அம்மலையின் உறுப்பே. திருமயத்துச் சத்தியகிரீசுவரர், குடுமியான்மலை மேலைக்கோயில் இறைவர் ஆகியோரும் இவ்வாறே தாய்ப்பாறையோடு ஒன்றாய் விளங்குகின்றனர். பெயர்த்தெடுத்தல், வேறிடத்தில் வைத்தல், பழுதுற்றதை நீக்கிப் புதியது அமைத்தல் என்பனவற்றுக்கு ஈண்டு வழியில்லை. மூக்கு உடைந்தால் உடைந்ததே.

இவ்வுண்மையை முன்னோர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்குத் திருப்பரங்குன்றமே சான்று. கி.பி. 773ஆம் ஆண்டில், பாண்டியன் மாறஞ்சடையன் காலத்தில், சாத்தன் கணபதி என்பான் அக்குடைவரைத் திருக்கோயிலில் திருப்பணி செய்தமையைக் கல்வெட்டு அறிவிக்கின்றது. அங்கே முருகப்பெருமான் பாறையில் புடைப்புருவாய் எழுந்தருளியிருக்கின்றார். நாள்தோறும் நீரும் பாலும் தயிரும் சொரிந்தால் பாறைத்திருமேனி தேயும். ஆதலின் அங்கே திருமுழுக்கு, பெருமான் திருவுருவுக்கு அன்று; வேலுக்கு. வேலுக்கு முழுக்காட்டுவதால் முருகனுக்குச் செய்யும் வழிபாட்டில் குறை நேர்ந்ததாக எந்த அடியாரும் இதுகாறும் முறையிட்டதில்லை. திருமேனியைக் காத்தற்பொருட்டு வழிபாட்டு முறையையே அன்பு அமைத்துக்கொண்டது. ஒன்றைச் செய்யாது விடுதலும் பத்தியே என்பதை அக்குன்றம் நெடுங்காலமாகக் காட்டி வருகின்றது.

திருப்பணி என்றவுடன் செய்வதையே எண்ணுகின்றோர் பலர். கோபுரம் உயர்த்துதல், மதில் கட்டுதல், தளவரிசை இடுதல், வண்ணம் தீட்டுதல் முதலியன கண்ணுக்குத் தெரிவன. கட்டுமானக் கோயிலுக்கு அவை வேண்டியனவே. செங்கல் உதிரும், சுதை வெடிக்கும், மரம் உளுக்கும், புதுக்காவிடில் கோயில் நில்லாது. மலையிற் குடைந்த கோயிலும், பாறையிற் செதுக்கிய சிற்பமும், கல்லிற் பொறித்த எழுத்தும் அவ்வினத்தைச் சேர்ந்தன அல்ல. அவற்றுக்குச் செய்யத்தக்க பெரும்பணி, வருவதைத் தடுத்தல்.

பல்லவர் பெருமான் முதலாம் மகேந்திரவர்மர் விழுப்புரத்தை அடுத்த மண்டகப்பட்டில் அயன், அரன், அரி ஆகிய மூவர்க்கும் குடைவித்த கோயிலில் ஒரு வடமொழிக் கல்வெட்டு உண்டு. செங்கல், மரம், உலோகம், சுண்ணச் சாந்து ஆகிய எவையுமின்றி அக்கோயிலைத் தாம் அமைப்பித்ததாக அதில் அம்மன்னர் கூறிக்கொள்கின்றார். ஏழாம் நூற்றாண்டுக்கு முற்பட்ட எண்ணிறந்த மரக்கோயில்களும் செங்கற்கோயில்களும் இன்று எங்கே? மகேந்திரர் குடைவித்த வரைக்கோயில்களோ நிற்கின்றன. அழியாப் பொருள் எனக் கருதியே மலையை நாடினார். மலையையும் அழிக்கவல்ல கருவிகள் ஒருகாலத்தில் வருமென்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

கழுகுமலை வெட்டுவான் கோயிலைக் கண்டவர்க்கு இன்னொன்று விளங்கும். எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணியாகிய அது, மலையின் ஒரு பகுதியை மூன்று புறமும் அகழ்ந்து தனிப்படுத்தி, உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி வந்த ஒற்றைக்கற்றளி. சிகரமும், உமாமகேசுவரர் முதலிய திருவுருவங்களும் முற்றுப்பெற்றன. அடிப்பகுதியோ முற்றுப்பெறாமல் நின்றுவிட்டது. கட்டுகின்றவன் கீழிருந்து மேலே போவான். தவறினால் ஒரு கல்லை எடுத்துவிட்டு மறுகல் வைப்பான். குடைகின்றவனுக்கு மறுகல் இல்லை. ஒவ்வோர் உளிவெட்டும் இறுதிவெட்டு. இத்தனை அஞ்சி, இத்தனை அடங்கி வேலை செய்த அச்சிற்பியரின் கைத்திறனை, ஒரு பிற்பகற்பொழுதில் இயந்திரத்தால் தேய்த்துவிடும் துணிவு இக்காலத்தார்க்கு எப்படி வந்தது என்பது வியப்புக்குரியது.

அவ்வியந்திரத்தைப் பற்றிச் சற்று விரித்தே கூறவேண்டும். கேட்போர் பெரும்பாலும் திருப்பணி நடத்துவோர். ஆதலின் மனத்தாங்கல் கொள்ளாது கேட்க வேண்டுகின்றோம். காற்றழுத்தக் குழாயின் வழியே மணலை மிக்க விசையோடு கல்லின்மேற் பீய்ச்சும் முறையொன்று, சென்ற நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் திருக்கோயில்களுக்குள் புகுந்தது. எண்ணெய்ப் பிசுக்கும் புகைக்கரியும் சுண்ணாம்புப் படிவும் ஒரு நாளிலே அகன்று கல் பளிச்சிடும். பார்த்தவர் மகிழ்ந்தனர். அகன்றது அழுக்கு மட்டும் அன்று. கல்லின் மேற்றோலும் உடன் போயிற்று. கல்வெட்டு எழுத்தின் ஆழம் ஒரு நெல்லின் பருமனும் இராது. மணல்பட்ட இடத்தில் எழுத்தின் விளிம்பு மழுங்கும், பின்பு மறையும். சிற்பத்தின் இமைக்கோடும் இதழ்க்கோடும் அணிகலன்களின் நுண்வேலையும் தேய்ந்து, திருவுருவம் நோயுற்றெழுந்தார் போன்ற தோற்றம் எய்தும். மேற்றோல் இழந்த கல்லோ நீரை எளிதில் உறிஞ்சும். ஆகவே தூய்மை செய்தோம் என்று எண்ணியவர், அழிவுக்குக் கதவைத் திறந்துவிட்டவர் ஆயினர்.

அறநிலையத் துறை இம்முறையை விலக்கியுள்ளது. 2017ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றத்தின் ஆணைவழி யுனெஸ்கோ வல்லுநர் தமிழகக் கோயில்கள் சிலவற்றைப் பார்வையிட்டுத் திருப்பணிகளால் நேர்ந்த சேதங்களைச் சுட்டி அறிக்கை அளித்ததும் உண்டு. விலக்கு இருப்பினும், குடமுழுக்கு நாள் நெருங்கிவிட்டது என்னும் அவசரத்தில் ஒப்பந்தக்காரர் எதைக் கையில் எடுக்கிறார் என்று நின்று பார்ப்பார் யார்? மெல்லிய தூரிகையும் தூய நீரும் பொறுமையும் போதும். நாட்கள் சிலவே கூடுதலாகும்.

பழைய சுண்ணாம்புப் பூச்சை ஒரு பெருங்குற்றமாகப் பேசுவோர் உளர். அழகைக் கெடுத்தது மெய்யே; எனினும் சுண்ணாம்பு மறைத்தது, மணலோ அழித்தது. மறைந்தது பின்னொரு நாள் வெளிப்படும். கல்லுக்குப் பூசும் எனாமல் வண்ணமும், விரிசலில் அடைக்கும் சிமெண்டும், மின்கம்பிக்காகத் துளையிடும் கருவியும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை. சிமெண்டின் உப்பு, கல்லுக்குள் இறங்கி மேற்புறத்தைப் பொருக்காக உதிர்ப்பதைப் பல கோயில்களின் அடித்தளத்திற் காணலாம். இவற்றினும் வருந்தத்தக்கது ஒன்று. ஆயிரம் ஆண்டுகட்கு முன் நந்தாவிளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடு அளித்தான் ஒருவனுடைய பெயர் பொறித்த சுவரின்மேல், இந்நாளில் மின்விசிறி அளித்தவரின் பெயர்ப்பலகையை ஆணியடித்துப் பொருத்துதல். இருவரும் அடியாரே. ஆயினும் பின்வந்தவர் முன்வந்தவருடைய பெயரின்மேல் ஏறி நிற்பது அடியார்க்கு அடியான் என்னும் நெறிக்கு ஒக்குமா?

பழங்காலத்தில் திருப்பணி செய்தோர் இதில் எத்தகைய கருத்தோடு இருந்தனர் என்பதைத் திருமழபாடி காட்டுகின்றது. மாமன்னர் முதலாம் இராசராசர் தம் 28ஆம் ஆட்சியாண்டில் அக்கோயிலின் நடுவிமானத்தைப் பிரித்துப் புதிதாய் எடுக்க ஆணையிட்டார். பிரிப்பதற்கு முன்னர், சுவர்களில் இருந்த கல்வெட்டுக்கள் அனைத்தையும் புத்தகத்தில் படியெடுத்துக் கொள்ள வேண்டும் என்பதும் ஆணையின் பகுதி. அவர்தம் மைந்தர் இராசேந்திரர் ஆட்சியின் 14ஆம் ஆண்டில், ஏறத்தாழ 1026இல், அப்படிகள் புதிய சுவரில் மீளவும் வெட்டப்பெற்றன. இடையே பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்தன, ஆட்சி மாறியது, கங்கைவரை படை சென்று மீண்டது. ஆயினும் அப்புத்தகத்தை யாரோ காத்து வைத்திருந்தார்கள்.

அதற்கும் முன்பே கண்டராதித்தரின் தேவியார் செம்பியன்மாதேவியார், திருக்கோடிகாவில் செங்கற்கோயிலைக் கற்றளியாக்கியபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் படியெடுத்துப் புதிய சுவரில் பொறிப்பித்து, அவை பழங்கற்படி என்பதையும் அவ்விடத்திலேயே குறிக்கச் செய்தார். தம் பெயரை மட்டும் வெட்டுவித்து நிறுத்திக்கொள்ள அவ்வரசமாதேவியார்க்கு எவர் தடை சொல்லியிருப்பர்? முன்னோர் அளித்த நிலமும் பொன்னும் விளக்கும் மறவாதிருக்க வேண்டும் என்று எண்ணினார். அவர் படியெடுப்பித்ததனாலேயே பல்லவர், பாண்டியர், முற்சோழர் காலத்துச் செய்திகள் பல இன்று கிடைக்கின்றன.

ஆதலின் சாரம் கட்டுவதற்கு முன்னரே கல்வெட்டுப் படி எடுத்தல் திருப்பணியின் முதற்படியாக அமைதல் வேண்டும். அம்முறை எளியது. சுவரை நீரால் துடைத்து, நனைந்த தாளை ஒட்டி, தூரிகையால் தட்டுவர். எழுத்தின் பள்ளங்களுள் தாள் படியும். பின்னர் மைதோய்ந்த பொதியால் மேலே ஒற்றுவர். கல் கருமையாகவும் எழுத்து வெண்மையாகவும் தாளில் எழும். கல்லுக்கு ஊறு சிறிதும் இல்லை. இந்தியத் தொல்லியல் துறையினரும் மாநிலத் தொல்லியல் துறையினரும் இப்பணியைச் செய்து வருகின்றனர். கோயிலார் அழைத்தால் வருவர். குடத்துக்கும் கலசத்துக்கும் யாகசாலை நெய்க்கும் உபயகாரர் முந்துகின்றனர். படியெடுக்கும் தாளுக்கு உபயம் செய்வார் எங்கும் காணப்படவில்லை. தம் பெயர் எழுத அதில் இடமில்லை என்பது காரணமாகலாம்.

எழுத்துக்கு இவ்வாறு படியேனும் எடுக்கலாம். சிற்பத்துக்கும் குடைவரைக்கும் அவை நிற்கும் மலைக்கும் படி ஏது?

மதுரையின் வடகிழக்கே மேலூர் வட்டம் உள்ளது. மணிவாசகப் பெருமான் திருவவதாரம் செய்த திருவாதவூர் அவ்வட்டத்ததே. அப்பகுதியின் குன்றுகளில் ஈராயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட தமிழி எழுத்துக்களும், சமண முனிவரின் கற்படுக்கைகளும், பாண்டியர் குடைவரைகளும் செறிந்துள்ளன. அதே குன்றுகளின் கருங்கல், மெருகிட்டால் மிளிரும் இயல்புடையது. கப்பலேறி வேற்றுநாட்டு மாளிகைகளுக்குத் தளமாகச் செல்லும் விலையுடையது. ஊறு அதனால் விளைந்தது. பாறையை வரிசையாகத் துளையிட்டு, வெடி வைத்து, கட்டி கட்டியாக அறுத்தெடுத்தனர். வரம்புகடந்த அகழ்வு 2012இல் வெளிப்பட்டது. 2014இல் உயர்நீதிமன்றம் அதனை ஆராயத் தனி ஆணையரையும் அமர்த்தியது. அதற்குள் சில குன்றுகள் குழிகளாகியிருந்தன. மழைக்காலத்தில் அக்குழிகளில் நீர் நிற்கும். குன்று மீளாது.

அவற்றினிடையே பிழைத்திருக்கும் ஊர்களுள் ஒன்று அரிட்டாபட்டி. அங்குள்ள குடைவரைச் சிவன்கோயில் எட்டாம் நூற்றாண்டைச் சார்ந்தது. இடைச்சி மண்டபம் என்று ஊரார் வழங்குவர். கருவறையில் இலிங்கத்திருமேனி, முகப்பில் விநாயகர் திருவுருவமும், தண்டு ஏந்தி அமர்ந்த இலகுலீசர் திருவுருவமும் பாறையிற் பொலிகின்றன. இலகுலீசர் பாசுபத நெறியை நிலைநாட்டிய ஆசிரியர். சிவபெருமானின் அவதாரமெனப் புராணங்கள் போற்றும் பெருமையர். கூர்ச்சர நாட்டுக் காயாரோகணம் அவர்க்குரிய தலம். நாகைக்காரோணம், குடந்தைக்காரோணம் என்னும் பாடல்பெற்ற தலங்களின் பெயரும் அத்தொடர்பு காட்டுவனவே என்பர் ஆராய்ச்சியாளர். அப்பெரியாரின் சிற்பம் தமிழகத்தில் மிக அரிது. சைவத்தின் பழைய கிளையொன்று பாண்டிநாட்டில் தழைத்திருந்ததற்கு, ஏடு சொல்லாத சான்றினை அந்த ஒரு பாறை சொல்கின்றது.

அவ்வூர்க் கழிஞ்சமலையில், நெல்வேலியைச் சார்ந்த ஒருவனும் இலஞ்சியைச் சார்ந்த வேள் ஒருவனின் மகனும் முனிவர்க்குக் குகை அமைத்துக் கொடுத்ததைக் கூறும் தமிழிக் கல்வெட்டுக்கள் இரண்டு உள. ஒன்று 1971இலும் மற்றொன்று 2003இலும் கண்டறியப்பெற்றன. பின்னாளில் அச்சணந்தி முனிவர் செய்வித்த தீர்த்தங்கரர் புடைப்புருவமும், அதன் வட்டெழுத்துச் சாசனமும் அங்கேயே உள்ளன. சமணர் குகைதானே, சைவர்க்கு அதனால் என்ன என்று கேட்போர் இல்லாமல் இல்லை. சமயகுரவர் சமணரோடு வாதிட்டது கொள்கை பற்றி. கல்லோடு அவர்க்குப் பகை இல்லை. ஒரே மலையின் ஒரு முகத்தில் சிவன், மறுமுகத்தில் அருகன். வெடியின் அதிர்வுக்கு அவ்வேறுபாடு தெரியாது.

அரிட்டாபட்டியும் அதனை அடுத்த மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 எக்டேர் நிலப்பரப்பு, 2022ஆம் ஆண்டு நவம்பரில் தமிழகத்தின் முதற் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பெற்றது. சரியாக இரண்டாண்டு கழித்து, 2024 நவம்பரில், நாயக்கர்பட்டிப் பகுதி என்னும் பெயரால் 2015.51 எக்டேர் நிலம் டங்ஸ்டன் உலோகம் அகழ்வதற்காக ஏலத்தில் ஒரு நிறுவனத்துக்கு உரித்தாயிற்று என்று செய்தி வந்தது. அரிட்டாபட்டியின் ஒரு பகுதியும் அவ்வெல்லைக்குள் அடங்கியது. குடைவரையைத் தொடமாட்டோம் என்று சொல்லலாம். கோயிலைச் சுற்றி ஒரு வட்டம் விட்டு, வட்டத்துக்கு வெளியே மலையை வெடித்தெடுத்தால், உள்ளேயிருக்கும் பாறை எத்தனை நாள் தாங்கும்? சுனை எங்கிருந்து ஊறும்? குடைவரைக்கு மலையே சுவர், மலையே விமானம், மலையே அடித்தளம்.

ஊரார் திரண்டனர். கிராம சபைகள் தீர்மானம் இயற்றின. 2024 டிசம்பர் 9ஆம் நாள் சட்டப்பேரவை, ஏலத்தைக் கைவிடுமாறு நடுவணரசை வேண்டித் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7ஆம் நாள் மேலூர்ப் பகுதியிலிருந்து மதுரைத் தல்லாகுளம் நோக்கிப் பல்லாயிரவர் சென்றனர்; உழவர், பெண்டிர், முதியோர் எனப் பலரும் அதில் இருந்தனர். அத்திங்கள் 23ஆம் நாள் நடுவணரசு அவ்வேலத்தை நீக்கியது.

திருக்கோயிற் சாசனங்களின் இறுதியில் பன்மாகேசுவரர் இரட்சை என்னும் தொடர் வருதலைப் பலர் கேட்டிருப்பர். மாகேசுவரர் என்போர் சிவனடியார். இவ்வறம் அடியார் அனைவருடைய காவலில் உள்ளது என்பது பொருள். அரசன் காவல் என்றோ, அதிகாரி காவல் என்றோ எழுதவில்லை; அரசும் அதிகாரமும் மாறும் என்பதை எழுதியவர் அறிவர். அதனினும் உருக்கமான தொடரொன்று பல சாசனங்களில் உண்டு. இவ்வறத்தைப் பிற்காலத்தில் எவர் காக்கின்றாரோ அவருடைய திருவடி தன் தலைமேல் என்று கொடையாளன் எழுதிவைப்பான். கொடுத்தவன் வணங்குகின்றான், காப்பவன் வணங்கப்பெறுகின்றான். காப்பவன் இன்னும் பிறக்கவும் இல்லை. எந்தக் குலத்தான், எந்த ஊரான் என்றும் தெரியாது. தெரியாத அவனுக்குப் பேரரசனும் தலைவணங்கி வைத்தான்.

அரிட்டாபட்டியில் அச்சணந்தி செய்வித்த திருவுருவத்தின் கீழுள்ள வட்டெழுத்தும், அதனை அவ்வட்டாரத்தார் காவலில் வைத்து இரட்சை என்னும் சொல்லோடுதான் முடிகின்றது. சனவரித் திங்களில் தல்லாகுளம் சென்ற அப்பல்லாயிரவருள் வட்டெழுத்துப் படிக்கவல்லார் மிகச் சிலரே இருந்திருப்பர். உழவு மாட்டைக் கொட்டிலில் கட்டிவிட்டு, வீட்டைப் பூட்டிவிட்டு, கூட்டங்கூட்டமாக அவர்கள் மேலூர்ச் சாலையில் நடந்தார்கள். பெயரறியாத கொடையாளர்கள் தம் தலைமேல் தாங்குவதாக எழுதிவைத்தது அப்பாதங்களைத்தாம்.

திருச்சிற்றம்பலம்